பணியை ஏற்றுக்கொண்டவர்

அநீதிகளை வரிசை மாற்றாமல் சொல்ல வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் கடைசியாகப் பட்ட அடியை முதலில் எழுதிவிடுகிறார்கள். அதிகாரி அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கோப்புக்குள் வைத்துக் கயிறு கட்டிவிடுகிறார். ஆகவே நடந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த எங்கள் நூற்பாலையை ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டியது. பூட்டிவிட்டு வாயிலில் ஒட்டிய அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்க இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் ஆயிரத்து நூறு பேர், வேலை இருக்கிறது என்று நம்பி, சோற்றுப் போசியோடு வாயிலில் நின்றோம்.

இரண்டாவது, பல ஆண்டு வழக்குக்குப் பிறகு கிடைத்த நிலத்தில் நாங்கள் முப்பத்தாறு குடும்பம் கூடிக் கட்டிய ஆறு மாடிக் குடியிருப்புக்கு லிப்ட் போட்டபோது, ஒப்பந்தத்தில் எங்களைக் 'கட்டட உரிமையாளர்' என்று எழுதியது. உரிமையாளர் என்ற சொல்லுக்கு எதிரே நின்று கத்தியே தேய்ந்துபோன தொண்டைகள் எங்களுடையவை. மாற்றச் சொன்னேன். அச்சடித்த படிவம், மாற்ற முடியாது என்றார்கள்.

மூன்றாவது, கோவை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்து அந்த லிப்டைச் செய்து தந்த அண்ணன் தம்பி இருவரின் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது, அந்தப் பெரிய கம்பெனியைக் கடல் தாண்டிய இன்னொன்று வாங்கியது. இரண்டு விற்பனையையும் எங்களுக்குத் தெரிவித்தது லிப்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கர்தான். பழைய ஸ்டிக்கரின் மேல் புது ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொன்று. ஒரு ஓரத்தை நகத்தால் கீறினால் மூன்று முதலாளிகள் தெரிவார்கள்.

நான்காவது, மெக்கானிக் சவரிமுத்துவை நீக்கியது. நாற்பது லிப்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் நூற்றுமுப்பது லிப்டைக் கொடுத்து, ஒரு நாளில் இத்தனை பார்க்க முடியாது என்று அவர் சொன்னதும், பார்க்க முடிகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் இப்போது ஒரு கிரைண்டர் பட்டறையில் கல் பொருத்துகிறார்.

ஐந்தாவது, மொட்டைமாடியில் உள்ள மெஷின் ரூமில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, புதுமை செய்கிறோம் என்று தங்கள் பெட்டியை மாட்டியது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னத் திரை இருந்தது. அது கேட்கும் எண்ணைச் சொல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. எண் கம்பெனிக்கு மட்டுமே தெரியும். லிப்ட் எங்களுடையது, கட்டடம் எங்களுடையது, கயிறும் கூண்டும் எங்களுடையவை, பூட்டு மட்டும் அவர்களுடையது.

ஆறாவது, மெஷின் ரூம் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்துப்போனது. மாதம் ஒருமுறை சவரிமுத்து வருவார், ஒரு மணி நேரம் வேலை செய்வார், அட்டையில் கையெழுத்துப் போடுவார், அப்புறம் ஆறு மாடி இறங்கி வந்து சங்கச் செயலாளரான என்னைக் கூப்பிடுவார். "மேல வந்து கண்ணுல பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க தோழர். பாக்காம போட்டீங்கன்னா அது எனக்கு அவமானம்" என்பார். இனி அட்டை கிடையாது, எல்லாவற்றையும் இங்கிருந்தே எங்கள் திரையில் பார்த்துக்கொள்வோம், குறை இருந்தால் போனில் சொல்லுங்கள் என்றது கம்பெனி.

ஏழாவது, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு லிப்ட் நின்றது.

இந்த ஏழுக்கும் பிறகுதான் படி முளைத்தது.

முதலில் கண்டுபிடித்தவள் ஜெயக்கொடி. முதல் மாடிக்காரி, வாசலில் டீக்கடை வைத்திருப்பவள், மாடி வீடுகளுக்குத் தூக்குப் போசியில் டீ கொண்டுபோய்க் கொடுப்பவள். முழங்கால் வலிக்காரி ஆகையால் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவாள். மாடிக்குப் பதினெட்டு, ஆறு மாடிக்கு நூற்றெட்டு. வெள்ளிக்கிழமை காலை இறங்கி வந்தவள் போசியைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"மூணுக்கும் நாலுக்கும் நடுவால ஒரு சுத்து சேந்திருக்குதுங்க. நூத்தி இருவத்தாறு வருது."

"தப்பா எண்ணியிருப்பே."

"முட்டி தப்பா எண்ணாதுங்க செயலாளரே."

போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, அதே சாம்பல் நிறத் தளத்தோடு, அதே பச்சை வண்ணம் பூசிய கைப்பிடியோடு, சுவரில் அதே வெற்றிலைக் கறையோடு, பதினெட்டுப் படி புதிதாக இருந்தது. அதன் திருப்பத்தில் ஒரு சன்னல்கூட இருந்தது. அதன் வழியே பார்த்தால் மூன்றாம் மாடிச் சன்னலில் தெரியும் அதே தண்ணீர்த் தொட்டி, அதே உயரத்தில் தெரிந்தது. சாலையில் இறங்கி நின்று எண்ணினால் கட்டடம் ஆறு மாடிதான்.

யாரும் கூச்சல் போடவில்லை. மாடி ஏறுகிறவர்களுக்குக் கூச்சல் போட மூச்சு ஏது. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு சுற்று சேர்ந்திருந்தது, புதன்கிழமை இன்னொன்று, அதன் பின் ஏறக்குறைய ஒருநாள் விட்டு ஒருநாள் பதினெட்டுப் பதினெட்டாக, எப்போது முளைத்தது என்று ஒருவர் கண்ணிலும் படாமல், எப்போதும் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலேயே அவை சேர்ந்துகொண்டு போயின.

நான் புகார் செய்தேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான்; ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு மேல்படிப்பு தந்ததெல்லாம் துண்டறிக்கைகள், ஒரு கோரிக்கையை விடாமல் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும் என்பது அவை சொல்லித் தந்த முதல் பாடம். ஒருநாள் விட்டு ஒருநாள், சரியாகக் காலை பத்து மணிக்குக் கம்பெனியின் எண்ணுக்குப் போன் போடுவேன். ஒரு பெண் குரல் எடுக்கும்.

"வணக்கம் சார், நான் நிவேதா பேசறேன். எங்க ஸ்கிரீன்ல உங்க லிப்ட் பச்சைல இருக்கு சார். நல்லா ஓடிட்டு இருக்கு."

"ஓடலை அம்மிணி. பன்னெண்டு நாளா நிக்குது. அதோட படிக்கட்டும் வளந்துட்டு இருக்குது."

"படிக்கட்டு எங்க ஒப்பந்தத்துல வராது சார். லிப்டுக்கு உங்க கம்ப்ளெய்ன்டை மேல அனுப்பறேன். உங்க மொபைலுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

சொல்வேன். நன்றி மருதாசலம் சார் என்பாள். மறுநாளும் யாரும் வரமாட்டார்கள். அதற்கு மறுநாள் மறுபடி போன், மறுபடி நிவேதா, மறுபடி ஆறு எண்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் எங்கோ ஒரு வாயிலுக்குள் நேரத்துக்கு நுழைந்து நேரத்துக்கு வெளியேறுகிறவள்தான். கோபமெல்லாம் அவள் காதில் மாட்டிய கருவிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மேல்.

அதற்குள் குடியிருப்பு படிகளோடு வாழப் பழகிவிட்டது. ஜெயக்கொடி வாசலில் இருந்த கடையைத் தூக்கி எட்டாவது புதுத் திருப்பத்தில் வைத்துவிட்டாள்; ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மூச்சு வாங்க உட்காரும் இடம் அதுதான் என்று கணக்குப் போட்டு, அதற்கு 'நடு ஸ்டாப்' என்று பெயரும் வைத்தாள். பதினோராவது திருப்பத்தில் பெண்கள் வடகம் காயப்போட்டார்கள். பதினான்காவது திருப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சவரத் தொழிலாளி நாற்காலி போட்டார். பதினெட்டு என்ற எண்ணைக் கண்டதும் இரண்டாம் மாடியில் சிலர் மாலை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சுற்றின் முதல் படியிலும் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். பழுதான லிப்டுக்குப் பூசை போடுகிறீர்களா என்று கேட்டு நான் அவர்களோடு சண்டை போட்டேன். வரி போட அளவு நாடாவோடு வந்த ஒரு மாநகராட்சி ஊழியர், கூடுதல் பரப்பளவு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கடைசிச் சுற்று வரை அளக்க முடியாமல், 'நடு ஸ்டாப்'பில் டீ குடித்துவிட்டு இறங்கிப்போனார்.

இதில் எனக்குப் பெரிய வேதனை, குடியிருப்பு இரண்டாகப் பிரிந்ததுதான். மூன்று மாடி வரை உள்ளவர்களுக்கு எந்தப் படியும் கூடவில்லை. ஒரே வாயிலில் நின்று ஒரே லத்தியடியை வாங்கியவர்கள், "நாங்க லிப்டே ஏறறதில்லீங்க, எங்களுக்கு எதுக்கு இந்த மனு?" என்று கையெழுத்துப் போட மறுத்தார்கள். மேல்வீட்டார், கீழ்வீட்டார் என்ற பேச்சு வந்தது. முதலாளி இருபது வருடம் முயன்று செய்ய முடியாததை ஒரு படிக்கட்டு இருபது நாளில் செய்தது.

ஆனால் கீழ்வீட்டாரும் மேல்வீட்டாரும் ஒன்றாக நின்ற ஒரு வேலை இருந்தது. அது துளசிமணியக்காவின் சிலிண்டர்.

துளசிமணியக்கா ஆறாவது மாடிக்காரர். ஆலையில் முப்பத்தொரு வருடம் நூற்புப் பகுதியில் நின்றவர். அத்தனை வருடப் பஞ்சும் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூக்கில் குழாய் இல்லாமல் இப்போது அவரால் சமையலறைக்குக்கூட நடக்க முடியாது. இரண்டு நாளைக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் மேலே போக வேண்டும். சிலிண்டர் கொண்டுவரும் ஆள் நூற்றைம்பதாவது படியோடு வேலையை விட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு நாங்கள் பழையபடி ஷிப்ட் போட்டோம். பத்துப் படிக்கு ஓர் ஆள் நின்று, ஆலையில் பஞ்சுச் சுருளைக் கைமாற்றிய அதே விதத்தில், சிலிண்டரைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினோம். படி கூடக்கூட ஆளும் கூட வேண்டியிருந்தது. முப்பதாம் நாள் வாக்கில் சாலையில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினோம், அவர்களும் நின்றார்கள்.

நாற்பத்தேழாம் நாள் மருத்துவர் போனில் சொல்லிவிட்டார்: நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வார்டில் சேர்க்க வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து நால்வர் தூக்கி இறங்கினார்கள். ஐந்தாம் மாடி, நான்காம் மாடி, அதன் கீழே புதுச் சுற்றுகள், ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது சுற்றில் அவர் உதடு நீலம் பாய்ந்து தலை சாய்ந்தது, கீழே இறங்குவதைவிட மேலே போவது கிட்டம் என்று திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். மொட்டைமாடியிலிருந்து கயிறு விட்டுப் பார்த்தோம். அறுபது அடிக் கட்டடத்தில் இருநூறு அடிக் கயிறு நாலாம் மாடிச் சன்னலுக்குக் கீழே அந்தரத்தில் முடிந்து ஆடியது. தீயணைப்பு வண்டியின் ஏணியும் அப்படியே எட்டாமல் நின்றது.

சவரிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன். பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கிரைண்டர் கல்தூள் படிந்த சட்டையோடு மெஷின் ரூம் வரை ஏறினார், கயிற்றைத் தடவிப் பார்த்தார், மோட்டாரின் மேல் காதை வைத்தார், பெட்டியைத் திறந்தார், சின்னத் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"பிரேக்குக்குக் கரண்ட் குடுக்கற காண்டாக்ட் துண்டு ஒண்ணு தேஞ்சுபோச்சு தோழர். என் பையிலயே இருக்குது. கால் மணி நேர வேலை."

"அப்ப போடுங்க."

"போட்டுருவேன். போட்டாலும் பெட்டி ஓட விடாது. நீ ஆருன்னு கேக்குது பாருங்க. பதினாலு வருசம் இதைக் கையில வச்சு வளத்தவனைப் பாத்து, நீ ஆருன்னு கேக்குது."

அவர் அன்று அழுதாரா என்று எனக்குத் தெரியாது. துடைக்கும் துணியால் அந்தப் பெட்டியின் தூசியை மட்டும் துடைத்துவிட்டு இறங்கினார்.

புதன்கிழமை காலை துளசிமணியக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றோடு லிப்ட் நின்று நாற்பத்தொன்பது நாள். நான் மூச்சு வாங்கி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய் எனக்கு மாட்டியிருக்குது, மூச்சு உனக்கு வாங்குது. ஏஞ்சாமி செயலாளரே, வேணும்னா கொஞ்ச நேரம் மாத்திக்கலாமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏற்பாடு பண்ணிருவேன்க்கா. விடாம புகார் குடுத்துட்டுத்தான் இருக்கறேன். தேதிவாரியா எழுதி வச்சிருக்கறேன்."

"எங்கே, காட்டு."

நோட்டை நீட்டினேன். புகார் கொடுத்த தேதிகள் இடது பக்கத்தில், புதுச் சுற்று முளைத்த தேதிகள் வலது பக்கத்தில். எந்தப் போராட்டத்திலும் நாள்குறிப்பு எழுதுவது என் பழக்கம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை இடதிலிருந்து வலதுக்கும் வலதிலிருந்து இடதுக்கும் நகர்த்தினார். அப்புறம் என் போனைக் கேட்டார்.

"அந்தப் புள்ள நம்பர் கேக்கறப்ப வர்ற கடுதாசி இருக்குமில்ல, அதை எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதில் படித்ததெல்லாம் ஆறு எண்களை மட்டும்தான்.

"இந்த மொத வார்த்தை எனக்குத் தெரியும் சாமி. லோடு எறங்கின சீட்டுல தெனமும் ரப்பர் ஸ்டாம்பு குத்துவாங்களே, வேலை முடிஞ்சு போச்சுன்னு. 'கம்ப்ளீட்டடு'. மிச்சத்தையும் எழுத்துக் கூட்டிப் பாத்தா, லிப்டு வேலை முடிஞ்சுபோச்சு, முடிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டா மட்டும் இந்த நம்பரைச் சொல்லுன்னு போட்டிருக்குது."

எத்தனை சுற்று இருக்கிறது என்று கேட்டார். இருபத்து மூன்று. எத்தனை முறை எண் சொன்னாய் என்று கேட்டார். இடது பக்கத்தை எண்ணினேன். அதுவும் இருபத்து மூன்று. அவர் விரல் நோட்டில் கடைசி வரியின் மேல் நின்றது.

நாற்பது வருடம் நான் வாயிலுக்கு வாயில் நின்று சொன்ன ஒரே பாடம், படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்பது. நோட்டீசைத் தமிழில் ஒட்டச் சொல்லி மூன்று முறை சிறை போயிருக்கிறேன். வெறும் தாளை நீட்டிய மேஸ்திரியின் பேனாவைப் பிடுங்கி ஒடித்திருக்கிறேன். அந்த நான், தாளும் இல்லாமல் பேனாவும் இல்லாமல், ஒரு பெண்பிள்ளை மரியாதையாகக் கேட்டாள் என்பதற்காக, செய்யாத வேலையைச் செய்ததாக இருபத்து மூன்று முறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர்கள் என்னை ஏமாற்றினார்கள். அதில் ஐயமே இல்லை. மேலே அனுப்புகிறேன் என்று சொல்லி முடித்துவைத்தது மோசடி, அது மோசடிதான். ஆனால் ஏமாற்றப்பட்டேன் என்ற சொல்லை நான் எந்தத் தொழிலாளியிடமிருந்தும் சமாதானமாக ஏற்றுக்கொண்டதில்லை.

"இன்னும் ஒரு நம்பர் சொல்லாதே" என்றார் துளசிமணியக்கா. "கேட்டா, முடியாதுன்னு சொல்லு. வேலை நிறுத்தம் பண்ணத் தெரியாதா உனக்கு?"

நான் எழுந்தேன்.

"அப்பறம் இன்னொண்ணு. மில் கேட்டுல பட்டியல் படிக்கறது நம்ம வழக்கம். மறந்துராதே."

நான் எப்படி மறப்பேன். ஆலையில் நடந்த நீண்ட வேலை நிறுத்தத்தின்போது யாரேனும் ஒளிந்து போய் ஷிப்டில் நின்றால், மறுநாள் காலை வாயிலில் எல்லோரையும் கூட்டி, சாட்சிகள் முன்னே அவர் பெயரை உரக்கப் படிப்போம். அடி கிடையாது, வசவு கிடையாது, பெயர் மட்டும். எழுபத்தெட்டாம் நாள் நான் படித்த பட்டியலில் ஒரே பெயர் இருந்தது: குப்புராஜ். துளசிமணியக்காவின் கணவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு ஷிப்ட் போயிருந்தார். நான் படித்தபோது இந்த அக்கா முதல் வரிசையில் சாட்சியாக நின்றார், தலையைக் குனியவில்லை. குப்புராஜ் அதன்பின் சாகும்வரை எந்த டீக்கடையிலும் உட்காரவில்லை.

அன்று பத்து மணிக்கு நிவேதாவிடம் புகார் சொன்னேன். எண் கேட்டாள்.

"சொல்ல முடியாது அம்மிணி."

"சார், சொல்லலைன்னா கம்ப்ளெய்ன்ட் திறந்தே இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

"சார், செவப்பாயிடும். எங்க ஸ்கிரீன்ல."

"ஆகட்டும். நீ உன் வேலையைப் பாத்துட்டே. இது என் வேலை."

அப்புறம், யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல மெல்ல, "சரிங்க சார், சொல்லாதீங்க" என்றாள்.

கடல் தாண்டிய இடத்தில் ஒரு பெரிய திரையில், ஆயிரம் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று சிவந்தது. நாற்பத்தொன்பது நாள் ஒரு மனுஷியின் மூச்சு செய்ய முடியாததை அந்த ஒரு புள்ளி இரண்டு நாளில் செய்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பகுதி மேலாளர் வந்து இறங்கினார். விஷ்ணுபிரசாத் என்று பெயர். முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தார்.

"சார், நான் நேரா வந்துட்டேன். அந்த நம்பரைச் சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன், மத்ததைப் பேசித் தீத்துக்கலாம்."

"மொதல்ல மெஷின் ரூம் வரைக்கும் வாங்க."

அவர் ஏறினார். கையில் கட்டியிருந்த கடிகாரம் படிகளை எண்ணியது. குங்குமம், கற்பூரம், வடகம், 'நடு ஸ்டாப்' எல்லாவற்றையும் தாண்டி, ஐந்நூற்று இருபத்திரண்டாவது படியில் சட்டை நனைந்து உட்கார்ந்தவர், கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வார நடைக் கணக்கே இன்னிக்கு முடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டு, தூக்குப் போசியோடு பின்னாலேயே ஏறி வந்த ஜெயக்கொடி அவருக்கு ஒரு டீ கொடுத்தாள்.

மெஷின் ரூமில் சவரிமுத்து காண்டாக்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியாள் பெட்டியைத் தொடக் கூடாது என்றார் மேலாளர். அப்படியானால் உள்ளாள் யாராவது போடட்டும் என்றேன். எங்களிடம் இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் நம்பர் கிடையாது என்றேன். படிகளில் கீழ்வீட்டாரும் மேல்வீட்டாரும் பத்துப் படிக்கு ஒருவராக, சிலிண்டருக்கு நிற்பதுபோலவே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவரை மறிக்கவில்லை. இறங்கிப் போக வழி இருந்தது. ஆனால் சிவப்புப் புள்ளியோடு போக அவருக்கு வழி இல்லை. யார் யாருக்கோ போன் போட்டார், ஆங்கிலத்தில் கெஞ்சினார், அதட்டு வாங்கினார். இரண்டு மணிக்கு ஒரு குரல் பூட்டின் எண்ணைச் சொன்னது. திரையின் பூட்டு விட்டது.

கால் மணி நேரம் என்று சவரிமுத்து சொல்லியிருந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். மோட்டார் சுழன்றதும் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அந்தப் பழைய ஆணியில் மாட்டி, கையெழுத்துப் போட்டார்.

"கண்ணுல பாத்துட்டீங்களா தோழர்?"

"பாத்தேன்."

"அப்ப போடுங்க."

போட்டேன். அதன் பிறகுதான் மேலாளரிடம் அந்த ஆறு எண்களைச் சொன்னேன். இருபத்து நான்காவது முறை. செய்த வேலைக்குச் சொன்ன முதல் முறை. அதற்குப் படி முளைக்கவில்லை.

துளசிமணியக்கா தன் காலால் நடந்து லிப்டுக்குள் போனார். ஆலைக்குப் போகும்போது உடுத்தும் நீலச் சேலையை எங்கேயோ தேடி எடுத்து உடுத்தியிருந்தார். கீழே ஆம்புலன்ஸ் வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது. வண்டிக்காரர் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தபோது, அவர் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பட்டியல்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து படிச்சுக்கலாம்க்கா."

"நான் திரும்பி வருவனோ என்னமோ. நான் சாட்சி. என்னை வச்சுட்டுப் படி."

மேலாளரிடம் கேட்டேன். அவர் பையிலிருந்து எங்கள் லிப்டின் பதிவுத்தாளை எடுத்துத் தந்தார். தமிழ் மொழிபெயர்ப்பும் சேர்த்துத்தான் அச்சாகியிருந்தது, நாங்கள் ஒருமுறை கேட்டிருந்தால் தந்திருப்பார்களாம். முப்பத்தாறு குடும்பமும் லிப்டின் முன்னே கூடியது. நான் தாளைப் பிரித்தேன். இருபத்து நான்கு வரிகள். கடைசி வரி அன்றையது, அதை விட்டுவிட்டேன். 'பழுது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருபத்து மூன்று முறை. 'பணியைச் செய்தவர்' என்ற கட்டத்தில் 'தானியங்கி' என்று இருபத்து மூன்று முறை. வாங்கியவர் பெயர் இல்லை, விற்றவர் பெயர் இல்லை, சவரிமுத்துவை அனுப்பியவர் பெயர் இல்லை, பூட்டைப் போட்டவர் பெயர் இல்லை. ஒரு பெரிய கம்பெனி, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை பேர் சேர்ந்து செய்த காரியத்தில், ஒரு மனிதப் பெயர்கூட ஒட்டாமல் துடைத்து எடுத்திருந்தார்கள். மனிதப் பெயர் இருந்தது ஒரே கட்டத்தில்தான். 'பணியை ஏற்றுக்கொண்டவர்'.

முதல் வரியைப் படித்தேன். எனக்கே கேட்கவில்லை.

"குப்புராஜுக்கு இப்படியா படிச்சே?" என்றார் துளசிமணியக்கா.

நான் காவலாளியின் மேசைமேல் ஏறி நின்றேன். வாயிலில் நின்று படித்த குரலில், ஒவ்வோர் எழுத்தும் தனியாக விழும்படி, மறுபடி படித்தேன். மேலே எங்கோ இரும்புக் கதவை இழுத்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. படிக்கட்டின் இருட்டுக்குள்ளிருந்து ஜெயக்கொடியின் குரல் இறங்கி வந்தது: "ஒரு சுத்து போச்சுங்க செயலாளரே, கடையோட கீழ எறங்கீட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. துளசிமணியக்கா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்தபடி, "இன்னும் இருவத்திரண்டு இருக்குது" என்றார்.

இரண்டாவது வரி. பழுது: இல்லை. பணியைச் செய்தவர்: தானியங்கி. பணியை ஏற்றுக்கொண்டவர்: கா. வே. மருதாசலம்.